மஞ்சா பள்ளிக்கு வரட்டும்

வயலினும் குரலுமாக அலிசன் க்ராஸ் 27 கிராமி விருதுகளை வென்றார். அவருடைய அமெரிக்கப் புளூகிராஸ் இசையில் ஒலிக்கும் பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகளின் மரபில் பிறந்த வாத்தியம்.

ஆப்பிரிக்க இசை மரபின் இன்னொரு கிளை இலங்கையில், புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இருக்கிறது. பிரித்தானியப் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் அங்கே மஞ்சா என்னும் தங்கள் பாரம்பரியப் பாட்டைப் பாடுகிறார்கள். டோலக், றபான், சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் எல்லாமே வாத்தியங்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு போகப்போகச் சூடுபிடித்து, பாடுபவர்களையே எழுந்து ஆடவைத்துவிடும். பாட்டின் சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல். வீட்டுப் பேச்சோ இன்று சிங்களம். பாட்டு நின்றால் அந்த ஊரில் அந்த மொழியும் நின்றுவிடும்.

கபிரிஞ்ஞா என்ற ஆப்பிரிக்க-போர்த்துக்கேய ஆடலிசையிலிருந்து பாடகர் வொலி பஸ்டியன் வளர்த்தெடுத்த பைலா இசையை நாடே கொண்டாடுகிறது. மஞ்சாவுக்கும் அந்த மரியாதை உரியது. புத்தளத்துப் பாடசாலைகள் இந்தப் பாடகர்களைச் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அழைக்க வேண்டும், அதுவும் மூத்தவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே.