பிள்ளைகளின் உயிரும் தகப்பனின் கூலியும்

புற்றுநோய் வயசானவர்களுக்கே வரும் என்ற எண்ணம் ஸ்ரீரங்கத்திலும் பொன்மலையிலும் இன்னும் போகவில்லை. விடாத காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே உடம்பில் கன்றிய நீலம், எலும்பு வலி, வயிற்றில் கட்டி, கண்மணியில் பூனைக் கண் போல வெள்ளை ஒளி - இவை குழந்தையிடம் கண்டால் மந்திரித்துக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. எல்லாம் புற்றுநோயல்ல. ஆயினும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது தீராத நோயுமல்ல. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 குழந்தைகளுக்கு மேல் குணமடைகின்றனர்; ஏழை நாடுகளில் 30 பேர்கூட இல்லை. ரத்தப் புற்றுக்குரிய வின்கிறிஸ்டின் நம் வேலியோரத்து நித்தியகல்யாணிச் செடியில் கிடைப்பதுதான்! அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1960-லேயே குழந்தைகளுக்குத் தனி வார்டு திறந்தது. பின் தடை எங்கே?

ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நீளும். 300 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குக் கூலித் தொழிலாளி எத்தனை தடவை போவார்? காப்பீட்டு அட்டை மருந்துச் செலவை ஏற்கலாம். இழந்த கூலியை ஏற்காது. சிகிச்சை பாதியில் நிற்பது இதனாலும்தான்.

திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகளுக்கு முழுச் சிகிச்சை, பெற்றோர் தங்க இலவச இடம், பஸ் பாஸ், கூலி ஈடு ஆகியவற்றுக்குச் சர்க்கார் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்கு இந்த அறிகுறிகளைக் கற்பிக்க வேண்டும். இவற்றைத் தாமதமின்றிச் செய்யுமாறு கோருகிறோம்.