முதலில் குழந்தையை ஊதச் சொல்லுங்கள்

இருமலும் இளைப்புமாக வரும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது நம் ஊர் கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. ஈஸினோஃபில் அணுக்கள் கூடியிருந்தால் ‘ஈஸ்னோபீலியா’ என்று மாத்திரை தருகிறார்கள். இருமல் நீடித்தால் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று காசநோய் மருந்து தொடங்குவோரும் உண்டு. நுரையீரல் காற்றை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதைத்தான் பல இடங்களில் யாரும் அளப்பதில்லை. இது மாற வேண்டும்.

ஈஸ்னோபீலியா கற்பனை நோயல்ல. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஃப்ரிமோட் மொல்லரும் பார்ட்டனும் காசநோய் போலத் தோன்றிய அந்த நோயை 1940இல் விவரித்தனர். யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது என்று பின்னர் தெரியவந்தது. அதில் அணுக்கள் பெரும்பாலும் மைக்ரோலிட்டருக்கு 3,000ஐத் தாண்டும். ஆஸ்துமா குழந்தைக்கு 500 இருக்கலாம், இயல்பான அளவிலேயே கூட இருக்கலாம். வயிற்றில் பூச்சி இருந்தால் ஈஸினோஃபிலும் ஏறும், ஒவ்வாமைக்காக ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஇயும் ஏறும். போன வாரம் ஸ்டீராய்டு சிரப் குடித்த குழந்தைக்கோ எண்ணிக்கை இறங்கிப்போயிருக்கும். இத்தனை பக்கம் சாயும் ஓர் எண்ணை மட்டும் நம்பி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது மருத்துவமாகாது.

ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊதத் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்கு, வீசிங் பிற்காலத்தில் ஆஸ்துமாவாக நிலைக்குமா என்று கணிக்க அது உதவும். கடும் ஆஸ்துமாவுக்கு ஊசி மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அது வேண்டும். ஆனால் ஒவ்வாமையின் சாயலைத்தான் அது காட்டும். மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று சொல்லாது.

அதைச் சொல்வது ஸ்பைரோமெட்ரி. ஐந்தாறு வயதுக் குழந்தைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் ஊதிவிடும். ஊத வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்க வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 விழுக்காடு கூடினால் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. இளைப்பு இல்லாத நாளில் இதுவும் இயல்பாகவே வரலாம் என்பது உண்மைதான். அதற்குத்தான் பீக் ஃப்ளோ மீட்டர். சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் குழாய் அது. காலையும் மாலையும் வீட்டிலேயே ஊதி, இரண்டு வாரம் நோட்டில் குறித்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ இந்தியாவின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் என்கின்றன மதிப்பீடுகள். நோயைச் சரியாகக் கண்டறியாததும், கண்டறிந்த பின்னும் இன்ஹேலர் கொடுக்காததும் இதற்கு முக்கியக் காரணங்கள். ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்று அஞ்சும் பெற்றோர், அதிலுள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பதையும், தயங்காமல் கொடுக்கும் சிரப்பில் மில்லிகிராம் கணக்கில் இருப்பதையும் அறிய வேண்டும். மருத்துவர்கள் அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. பள்ளிகளில் அதன் குழுக்கள் தேடும் குறைபாடுகளில் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும் ஒன்று. அவர்கள் ஒவ்வொருவர் பையிலும் பீக் ஃப்ளோ மீட்டர் இருக்க வேண்டும். வட்ட மருத்துவமனைதோறும் ஸ்பைரோமீட்டரும் அதை இயக்கப் பயிற்சி பெற்றவரும் தேவை. புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆண்டு முழுவதும் கிடைக்காத ஆரம்ப சுகாதார நிலையம், ஆஸ்துமா குழந்தைக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.