உருகுவது கொழுப்பு அல்ல!

வெங்காரம் என்றால் என்னவென்று தெரியுமா? நகைப் பட்டறைப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். தங்கத்தைப் பற்றவைக்கும்போது தொட்டு வைக்கிற வெள்ளைப் பொடி. கண்ணாடி செய்வதற்கும் துணி வெளுப்பதற்கும்கூடப் பயன்படும். இங்கிலீஷில் போராக்ஸ் என்பார்கள். நம் நாட்டில் சாப்பாட்டுப் பொருளில் சேர்க்க அனுமதி இல்லாத சரக்கு.

அதைச் சாப்பிட்டுத்தான் 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். வயது 19. வெங்காரம் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று யூடியூபில் ஒரு வீடியோ சொன்னதாம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டதும் கிடைத்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. காப்பாற்ற முடியவில்லை.

செய்தியைப் படித்துவிட்டு நாம் என்ன சொன்னோம்? 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க செல்போனைப் பார்த்தே கெட்டுப்போகுதுங்க.' அவ்வளவுதான். குற்றவாளி செல்போன். கேஸ் முடிந்தது. அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. 19 வயதுப் பெண் எதற்காக இப்படி ஒரு வீடியோவைத் தேட வேண்டும்? அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் பேசவில்லை. உங்கள் வீடு, என் வீடு, எல்லோர் வீட்டையும் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். 'என்னத்தா, இம்புட்டு சதை போட்டுட்ட? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?' என்று நாலு பேர் முன்னால் கேட்கிற அத்தை இல்லாத கல்யாணம் உண்டா? கேட்ட கையோடு அதே அத்தைதான் 'இன்னும் ரெண்டு பூரி வாங்கிக்கத்தா' என்று பந்தியில் உபசரிப்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் தராசை மட்டும்தான் கொண்டு வருவதில்லை. சினிமாவிலோ பிந்து கோஷ் நடந்து வந்தாலே தியேட்டர் சிரிக்க வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு தியேட்டரோடு நிற்கவில்லை. பள்ளிக்கூட பெஞ்சுக்கும், ஷேர் ஆட்டோவுக்கும், ஆபீஸ் கேண்டீனுக்கும் வந்துவிட்டது.

இப்படிக் காலையிலிருந்து ராத்திரி வரை கிண்டலடித்தால் என்ன ஆகும்? ஒரு வருஷத்தில் இளைக்கிற வழி யாருக்கு வேண்டும்? அடுத்த கல்யாணத்துக்குள் இளைக்கிற வழிதான் வேண்டும். அந்த அவசரத்தைத்தான் வியாபாரி விலை பேசுகிறான்.

'30 நாளில் 10 கிலோ', 'பத்தியம் வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம்' என்ற விளம்பரங்களைப் பார்க்காதவர் யார்? பவுடர், டீ, பெல்ட், மாத்திரை எல்லாம் உண்டு. உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1954-ல் வந்த ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை ஜெயில் தரலாம். 70 வருஷத்துக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

'நாட்டு மருந்துதானே, பக்க விளைவே கிடையாது' என்று ஒரு வாதம் உடனே வரும். சித்த மருத்துவத்தில் வெங்காரத்துக்கு இடம் உண்டு, வாஸ்தவம். ஆனால் சுத்தி செய்து, அளவு பார்த்து, நோயாளியின் நாடி பார்த்து வைத்தியர் கொடுக்க வேண்டியது அது. பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, சில்லறை வியாபாரம். இயற்கையில் கிடைப்பதெல்லாம் நல்லது என்றால் அரளி விதையும் இயற்கைதானே?

ஊசி மருந்துகளும் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பசியைக் குறைக்கிற அந்த மருந்துகளால் எடை நிஜமாகவே இறங்குகிறது. ஆனால் யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார் என்று நாமும் போட்டுக்கொள்ள அது தடுப்பூசி இல்லை.

சரி, கொழுப்பு உருகும், கரையும் என்கிறார்களே, உருகி எங்கே போகிறது? ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். உடம்பில் 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. ஆக, கொழுப்பு உருகி வழிவதும் இல்லை, பேதியில் போவதும் இல்லை. பேதி மருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு கிலோ குறைந்தது என்று சந்தோஷப்படுகிறவர் இழந்தது தண்ணீரை. நாலு செம்பு தண்ணீர் குடித்தால் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும். கொழுப்பு குறைய ஒரே வழி, செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிடுவது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி மிச்சம் பிடித்தால் வாரத்துக்கு அரை கிலோ. அதுதான் நியாயமான வேகம். அதைவிட வேகமாக இறக்கித் தருகிறேன் என்று யாராவது கடை விரித்தால், பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? இதில் ரகசியம் எதுவும் இல்லை. அதனால்தான் விளம்பரமும் இல்லை.

முதலில் அரசு ஆஸ்பத்திரியிலோ, தெரிந்த டாக்டரிடமோ சர்க்கரை, பி.பி., தைராய்டு பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிற பெண்கள் நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இதையெல்லாம் பார்க்காமலே 'தின்னே கொழுத்தவள்' என்று பட்டம் கட்டியவர்கள் ஏராளம். பிறகு இஞ்ச் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. தாண்டவில்லையா? நீங்கள் குண்டு இல்லை. சொன்னவர்களுக்குத்தான் வேறு வேலை இல்லை.

அடுத்தது டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு நாலு டீ. எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. மதியம் ஜிகர்தண்டா குடிக்காமலே நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம். ஜிகர்தண்டாவை விடச் சொல்லவில்லை. அதை தினசரி சமாச்சாரமாக்காமல் திருவிழா சமாச்சாரமாக்குங்கள்.

தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரத்தில் ஊறுகாய் மாதிரியும் இருப்பதை மாற்றுங்கள். பாதித் தட்டு அவரை, சுரை, பீர்க்கு, கீரை. கால் தட்டு பருப்போ, சுண்டலோ, முட்டையோ, மீனோ. மீதிக் கால் தட்டு சோறு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நம் தாத்தாக்கள் மலையாகச் சோறு சாப்பிட்டார்கள்தான். சாப்பிட்டுவிட்டு வரப்பில் இறங்கினார்கள், சேரில் சாயவில்லை. தூங்கா நகரம் என்ற பெருமைக்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

நடையை முதல் வாரம் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல தினம் அரை மணிக்குக் கொண்டுவாருங்கள். மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. திருமலை நாயக்கர் கட்டிவைத்த வாக்கிங் டிராக், டிக்கெட் கிடையாது. வாரம் இரண்டு நாள் தோப்புக்கரணம் போடுங்கள், தசை வலுவாகும். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாலே போதும். ஒன்றே ஒன்று. நடந்து முடித்த கையோடு பொங்கலும் இரண்டு வடையும் உள்ளே போனால், எரித்ததைவிட அதிகமாகக் கடனை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள்.

வாரம் ஒருமுறை மட்டும் எடை பாருங்கள். ஒரு வாரம் குறையாவிட்டால் உலகம் முடிந்துவிடாது.

இதெல்லாம் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரியும். பிறகு ஏன் நடக்கவில்லை? 'சோம்பேறித்தனம்' என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆண்களில் 37 பேர். இத்தனை பேரும் ஒரே சமயத்தில் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டார்களா என்ன? நடைபாதையில் பைக் நிற்கிறது. விடியற்காலையில் தனியாக நடக்கிற பெண்ணுக்கு தெரு விளக்கு எரிகிறதா, பின்னால் எவனாவது வருகிறானா என்ற கவலை. அவள் நடக்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தில்தான் வீட்டில் அத்தனை பேருக்கும் டிபன் கட்ட வேண்டியிருக்கிறது. மிச்சம் விழுந்த இட்லியை வீணாக்க மனசு வராமல் சாப்பிடுவதும் அவள்தான். அவளுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி, மற்றவர்களுக்குப் பூரி கிழங்கு என்றால் எத்தனை நாள் தாங்கும்? உலை வைக்கும் வீடு மொத்தமும் மாறாமல் ஒருத்தி மட்டும் இளைக்க முடியாது.

விளம்பரக்காரர்கள் மீது அந்த 1954 சட்டத்தைப் போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்போம். நடைபாதையை நடப்பவர்களுக்குத் திருப்பித் தரச் சொல்லி மாநகராட்சியைக் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் ஒரு விஷயத்துக்கு எந்த அரசாங்க உத்தரவும் தேவையில்லை. அடுத்த முறை ஒரு பெண்ணைப் பார்த்ததும் 'வெயிட் போட்டுட்டியே' என்று சொல்ல வாய் திறக்குமல்லவா? மூடிக்கொள்ளுங்கள். நிஜமாகவே அக்கறை இருந்தால், 'நாளைக்குக் காலையில நானும் வர்றேன், தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடந்துட்டு வரலாமா?' என்று கேளுங்கள். அவர் திரும்பி வருவதற்குள் டிபனை நீங்கள் செய்துவைத்தால் இன்னும் நல்லது.