கேண்டிலுக்குத் தெரியாத வெள்ளாமை

கோவில்பட்டி டீக்கடைகளில் இளவட்டங்களின் பேச்சு மாறிவிட்டது. எந்தப் பங்கு எங்கே சப்போர்ட் எடுக்கும், எப்போது பிரேக்அவுட் ஆகும் என்பதுதான் இப்போது பேச்சு. செல்போன் திரையில் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கேண்டில்கள், பச்சையும் சிவப்புமாக. அந்தக் கம்பெனி என்னப்பா செய்கிறது என்று கேட்டால், “அது எதுக்குண்ணே? எல்லாம் விலைக்குள்ளயே இருக்கு. சார்ட் பொய் சொல்லாது” என்று பதில் வருகிறது.

அதில் நியாயம் இருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். தணிக்கை முடிந்த கணக்கை நம்பியவர்களின் முதலீட்டில் முக்கால் பங்குக்கு மேல் அன்று ஒரே நாளில் போனது. அதற்கு மூன்று வாரம் முன்பு, ராஜு குடும்பத்தாரின் மேடாஸ் கம்பெனிகளைச் சத்யம் வாங்கப் போன விவகாரத்தில் பங்கு சரிந்தபோதே, ஸ்டாப்லாஸ் (இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்ற உத்தரவு) வைத்திருந்தவர் வெளியேறியிருப்பார். எப்போது வெளியே வரவேண்டும் என்பதற்குச் சார்ட்டைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைச் சார்ட் சொல்வதில்லை. கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018-இல் படைப்புழு வந்து கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் மக்காச்சோளத்தை அழித்தது. அடுத்த வருஷம் மக்காச்சோள விலை ஏறியது. கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்குத் திண்டாடினார்கள். விலையை மட்டும் படமாக வரைந்தால் நல்ல ஏறுமுகம். விற்பதற்குத்தான் சம்சாரியிடம் கதிர் இல்லை.

ஊருக்குள்ளேயே இருக்கிற லாயல் மில்லின் பங்கும் சந்தையில் இருக்கிறது. அதில் ஒரு நாளில் கைமாறும் பங்குகள் குறைவு. அப்படிப்பட்ட பங்கில் ஒரே ஆள் கொஞ்சம் கூடுதலாக வாங்கினாலும் பச்சைக் கேண்டில் எழுந்து நிற்கும். அதில் சந்தையின் மனசைப் படிக்க முடியாது. பஞ்சு விலை, நூல் விலை, மின்கட்டணம் இந்த மூன்றும் அறிந்தவர்தான் ஒரு மில்லைப் பற்றிப் பேச முடியும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகள் திரையிடம் கேட்கிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

1921-இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 510 ரூபாய் விலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2021-22-இல் 822 கோடியாக இருந்த லாபம் 2023-24-இல் 1,072 கோடி ஆனது. பங்கோ வெளியீட்டு விலைக்குக் கீழேயே பல காலம் படுத்துக் கிடந்தது. பத்து வருஷம் காத்திருக்கக் கூடியவருக்கு லாபக் கணக்கு முக்கியம். ஆறே மாதத்தில் மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வேண்டியவருக்கு அந்தப் படுத்துக் கிடந்த கோடுதான் நிஜம். எதை நம்புவது என்பது, போட்ட பணம் எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் பொறுத்தது.

நம் பிள்ளைகள் ஆப்ஷனில் கணக்குப் போடுவதோ நிமிஷங்களில். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இறங்கியவர்களில் 72 சதவீதத்துக்கு மேல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே உள்ளவர்கள், நம் ஊர் மாதிரி ஊர்க்காரர்கள். எதிரே பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அதே கேண்டிலை அவை இவர்களுக்கு முந்திப் படித்துவிடுகின்றன.

தம்பிகளே, சார்ட் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு கம்பெனி எதில் சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் வைத்திருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்கும்படி உங்களால் சொல்ல முடியாதவரை, அம்மாவின் நகையை அடகு வைத்து அந்தப் பங்கை வாங்காதீர்கள்.