ஆள் குறைந்தால் பங்கு கூடுமா?

பந்தியில் ஆள் குறைந்தால், இருப்பவர்களுக்குச் சோறு தாராளமாகக் கிடைக்கும். ஊருக்கும் அதே கணக்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஜனத்தொகை குறைந்தால் வருமானம் கூடும் என்கிறார்கள்.

அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. அமெரிக்காவில் ஒரு மலைப் பகுதி அதற்குச் சாட்சி சொல்கிறது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மெக்டவல் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. சுற்றிலும் மலை, காடு. மலைக்குள்ளே நிலக்கரி.

1950-ம் ஆண்டில் அங்கே 98,887 பேர் வசித்தார்கள். சுரங்கங்களில் வேலை நடந்தது. கடைத்தெருவில் கூட்டம் நெரிந்தது. வெல்ச் என்ற ஊரில், கார்களை நிறுத்துவதற்கென்றே 1941-ல் ஒரு மாடிக் கட்டிடம் கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் 19,111 பேர். ஐந்து பேர் இருந்த இடத்தில் ஒருவர்!

ஏன் இந்த நிலை?

சுரங்கத்துக்கு இயந்திரம் வந்தது. பலர் சேர்ந்து வெட்டிய கரியை அது வெட்டித் தள்ளியது. வேலை இழந்தவர்கள் தொழிற்சாலைகள் நிறைந்த வட மாநில நகரங்களுக்குப் போனார்கள். 1970-ல் ஜனத்தொகை 50,666 ஆகக் குறைந்தது.

பங்கு கூடியதா? இல்லை. 1961-ல் ஜனாதிபதி கென்னடியின் அரசாங்கம், ஏழைகளுக்கு உணவுச் சீட்டு கொடுக்கும் சோதனைத் திட்டத்தை இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. 1986-ல் ஒரு பெரிய உருக்குக் கம்பெனி அங்கிருந்த தன் சுரங்கங்களை மூடியது. 2016-ல் வால்மார்ட் கடையும் மூடப்பட்டது. இன்று அங்கே ஒரு குடும்பத்தின் வருமானம், நாட்டின் நடுத்தர வருமானத்தில் பாதிகூட இல்லை.

காரணம் எளிது. ஊரை விட்டு முதலில் போவது உழைக்கும் வயதுக்காரர்கள். முதியவர்கள் தங்கிவிடுகிறார்கள். வாங்க ஆள் இல்லாததால் கடை மூடுகிறது. கடை மூடியதும் அங்கே வேலை பார்த்தவர்களும் மூட்டை கட்டுகிறார்கள். ரோட்டின் நீளமோ, தண்ணீர்க் குழாயின் நீளமோ குறைவதில்லை. வரி கட்டுகிறவர்கள் மட்டும் குறைகிறார்கள்.

“மற்றவர்களும் போகவேண்டியதுதானே?” என்று சிலர் கேட்கலாம். வீட்டை வாங்க ஆள் இல்லை. வயதான தாய் தந்தையரை விட்டுவிட்டு எங்கே போவது?

அந்த மலைக் கரியால் உருக்கு ஆலைகள் எரிந்தன. லாபம் வெளியூருக்குப் போனது. கரி வெளியே போன நாளிலேயே, ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு பங்கை ஊருக்கென்று சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது! அலாஸ்கா மாநிலத்தில், எண்ணெய் வருமானத்தில் ஒரு பகுதியை நிரந்தர நிதியில் சேர்க்க 1976-ல் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 1982 முதல் அந்த நிதியிலிருந்து மக்களுக்குப் பணம் வழங்கப்படுகிறது.

மண்ணுக்குள் இருப்பது ஒரு நாள் தீரும். தீருமுன் ஊருக்குரிய பங்கை எடுத்து வைப்பதே அரசாங்கத்தின் கடமை.