மைக் வாங்குமுன் ரஜாய் வாங்குங்கள்

வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் பண்ண என்ன வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு மைக்கின் பெயரைத்தான் சொல்கிறார்கள். யூட்யூபில் தேடினாலும் அதே கதை. பத்தாயிரத்துக்குள் சிறந்த ஐந்து மைக், இருபதாயிரத்துக்குள் சிறந்த ஐந்து மைக் என்று பட்டியல் பட்டியலாக. என் கட்சி வேறு. ரஜாய் முதலில், மைக் அப்புறம். சிரிக்காதீர்கள், அனுபவஸ்தன் சொல்கிறேன்.

தங்கமணி கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவர். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக டிரான்ஸ்ஃபர், பையன் படிப்பு என்று அது அப்படியே நின்றுபோனது. கான்பூர் வந்த பிறகு, போன வருஷம் ஐப்பசியில் அவரே ஆரம்பித்தார். கும்பகோணத்தில் மாமியாருக்கு 81 வயது, கோயிலுக்குப் போக முடிவதில்லை. மார்கழி முழுக்க தினம் ஒரு திருப்பாவை, அரியக்குடி மெட்டில், பதிவு பண்ணி விடியற்காலையில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சம்பள அரியர்ஸ் கையில் இருந்தது. விடுவேனா? கண்டென்ஸர் மைக் 8,500, இன்டர்ஃபேஸ் 9,500, ஹெட்போன் 3,500, ஸ்டாண்ட் கேபிள் வகையறா 1,500. ஆக மொத்தம் 23,000. மென்பொருள் மட்டும் தர்மம், ஆடாசிட்டி. குவார்ட்டர்ஸ் ஹாலில் எல்லாவற்றையும் மாட்டி, முதல் பாசுரம் பாடவைத்து, போட்டுக் கேட்டோம். குளியலறையில் பக்கெட்டுக்குள் தலையை விட்டுப் பாடியது போல இருந்தது.

"ஏங்க, என் குரல் இப்படியா ஆயிடுச்சு?" என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், தப்பு குரலில் இல்லை என்று. எனக்கே தெரியாதே. சாதகம் விட்டுப்போனதால் இருக்கும் என்று வேறு திருவாய் மலர்ந்தேன். அன்றைக்கு வாயை மூடியவர்தான். மார்கழி வந்தது, போனது. மைக் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது.

ஹோலி முடிந்து ரஜாய்களை எல்லாம் வெயிலில் போட்டு எடுத்து, சின்ன அறைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டே தங்கமணி ஏதோ பாடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று கேட்டால், அட, அதே பழைய குரல்! சத்தம் போடாமல் மொபைலில் பிடித்தேன். இரவு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். 23,000 ரூபாய்ப் பதிவைவிட ரஜாய்க் குவியல் பக்கத்தில் மொபைலில் பிடித்தது எவ்வளவோ மேல். அஞ்சு மாசம் ஒரு மனுஷியின் பாட்டை நிறுத்திவைத்தது மொசைக் தரையும் நாலு மொட்டைச் சுவரும்தான்.

உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். அறை நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு வால் கேட்டால், எந்த மைக்கும் அந்த வாலைச் சேர்த்துத்தான் பிடிக்கும். கண்டென்ஸர் இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும், காசு கொடுத்ததற்கு :-) டைனமிக் மைக் அறையைக் கேட்காது என்பார்கள், அதுவும் முழு நிஜமில்லை. அதை வாய்க்கு அருகில் வைத்துப் பாடியாக வேண்டும், அதனால் அறை குறைகிறது. தூரம்தான் சூட்சுமம். ஒரு சாணில் இருக்கும் மைக்கை ஒரு முழத்துக்குத் தள்ளினால் நேராக வரும் குரல் ஆறு டெசிபல் விழும், எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் கணக்கு ஒரு சாண்.

அடுத்து, ரஜாயை எங்கே தொங்கவிடுவது? எல்லோரும் மைக்குக்குப் பின்னால் வைப்பார்கள், நானும் வைத்தேன். கார்டியாய்ட் மைக் தன் முகத்துக்கு எதிரே இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் மந்தம். முகத்துக்கு எதிரே பாடுகிறவர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் சுவர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்புவது நேராக மைக்கின் வாய்க்குள் போகிறது. ஆகவே முதல் ரஜாய் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டாவது, பக்கவாட்டில். சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு கை அகலம் இடைவெளி விட்டால் இன்னும் கொஞ்சம் கீழ்ஸ்தாயி வரைக்கும் உறிஞ்சும். கர்நாடக சங்கீதத்தில் ஒரு சௌகரியம், உட்கார்ந்து பாடுவதால் துணி உலர்த்தும் ஸ்டாண்ட் உயரமே போதும். நாலு கிலோ பஞ்சு ரஜாய் இரண்டு 2,800, ஸ்டாண்ட் 900. தரையில் ஊரிலிருந்து வந்த பவானி ஜமக்காளம். (வீட்டில் இருக்கும் ரஜாயே போதாதா என்று கேட்கிறவர்கள் ஒரு ஜனவரி கான்பூரில் இருந்து பாருங்கள்.)

முட்டை அட்டை ஒட்டலாமா என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். வேண்டாம். அது ஒலியை உறிஞ்சுவதும் சொற்பம், வெளிச்சத்தம் உள்ளே வருவதைத் தடுப்பதும் கிடையாது. ஒரு அங்குல ஸ்பாஞ்ச் உச்சஸ்தாயியை மட்டும் மழுக்கிவிட்டுப் போகும். அதோடு குவார்ட்டர்ஸ் சுவரில் பசை தடவினால் காலி செய்யும்போது பிடித்தம் வேறு. மூன்று வருஷத்துக்கொரு முறை லாரியில் ஏறுகிற நம் மாதிரி ஜாதிக்கு மடித்து வைக்க முடிகிற ஸ்டூடியோதான் லாயக்கு.

வெளிச்சத்தத்தை ரஜாய் தடுக்காது, அதற்கு நேரம் பார்க்க வேண்டும். இங்கேதான் வடக்கே இருப்பதில் ஒரு லாபம். டிசம்பர் நடுவிலிருந்து ஃபேன், கூலர் எதுவும் கிடையாது. சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு வர்ணம் பாடிப் பாருங்கள். அதைவிட முக்கியம், நம் மார்கழி இவர்களுக்கு கர்மாஸ். அந்த மாதம் கல்யாணம் கிடையாது, ஆகவே பாராத் கிடையாது, பேண்டு கிடையாது. ஜனவரி 14 சங்கராந்தி தாண்டிவிட்டால் போச்சு.

ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள். நிறுத்தியது மறந்துபோகும், ஆகவே ஸ்கூட்டர் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். ஆடாசிட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் தெருவில் போகும் லாரியின் உறுமல் பெரும்பாலும் போய்விடும், பெண்குரலுக்கு அங்கே வேலையே இல்லை. சுருதி ஹெட்போனில் மட்டும். தம்பூராவுக்குத் தாளம் கிடையாது, அதனால் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதித்தாலும் கேடில்லை. ஆனால் தன் குரல் தாமதமாகக் கேட்டால் பாட முடியாது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. பாப் ஃபில்டருக்கு எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய ஸ்டாக்கிங்ஸ்.

அண்ணன் பையன் சுருதி திருத்தும் மென்பொருளில் ஒரு பாசுரத்தைப் போட்டு 'மிக்ஸ்' பண்ணி அனுப்பினான். கமகத்தை எல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தான். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்கெல்லாம் பர்சனல் லோன், கிரெடிட் கார்டு இஎம்ஐ போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கடன் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவனே சொல்கிறேன், வேண்டாம். ரஹ்மான்கூட 1989-ல் வீட்டுத் தோட்டத்தில்தானே ஆரம்பித்தார் என்று ஒரு அப்பா என்னிடம் வாதாடினார். அவர் அங்கே கட்டியது முறையான ஸ்டூடியோ ஐயா, அதுவும் கீபோர்டு வாசித்துத் தொழில் செய்துகொண்டிருந்த காலத்தில். உங்கள் பெண்ணுக்கு இப்போதைக்கு இரண்டு ரஜாயும், ஏற்கெனவே கையில் இருக்கிற மொபைலும் போதும். ஒரு மாதம் அதில் விடாமல் பாடினால் அப்புறம் மைக் கடைக்குப் போகலாம்.

இன்று மார்கழி 19. பதினேழு பாசுரம் அனுப்பியாச்சு, நடுவில் இரண்டு நாள் ஜலதோஷம். முதல் நாள் மாமியார் கேட்டதும், "பின்னாடி என்னடி, குக்கர் வெச்சிருக்கியா?" என்றார். இன்வெர்ட்டர். மறுநாளிலிருந்து அதையும் அணைத்தோம். எட்டாவது பாசுரத்தின் முடிவில் பனிமூட்டத்தில் ஒரு ரயில் நீளமாக ஊதியது. திரும்பப் பாடுகிறேன் என்றார் தங்கமணி. மணி ஐந்தே முக்கால், அம்மா போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார், அப்படியே அனுப்பு என்றேன். பத்து நிமிஷத்தில் கும்பகோணத்திலிருந்து போன். அது எந்த ஊருக்குப் போகிற ரயில் என்று கேட்கிறார்.