ஏற்ற மிதிவண்டி எது?

நுழையும்முன்

மிதிவண்டி வாங்கச் செல்லும்போது நம் கண்கள் அதன் நிறத்தையும் விலையையும் நாடுகின்றன. முதலில் நாட வேண்டியது எதனை? அதுபற்றிய ஒரு கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

ஓட்டுபவரின் உடலே மிதிவண்டிக்கு ஆற்றல் தருகிறது. ஆதலின் உடலுக்கும் வண்டிக்கும் பொருத்தம் இன்றியமையாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உயர்சக்கர வண்டியில் முன்சக்கரத்தின் அளவை ஓட்டுபவரின் கால்நீளமே முடிவு செய்தது. 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய வண்டியில் சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவின. இன்றைய மிதிவண்டிக்கு அதுவே முன்னோடி.

மனித வாழ்வின் ஒவ்வொரு பருவத்திலும் மிதிவண்டி உடன் வருகிறது. மழலைக்கு மூன்று சக்கர வண்டி. சிறுவர்க்குப் பக்கச்சக்கரம் பூட்டிய சிறுவண்டி. பின்னர்ப் பள்ளிக்கும் பணிக்கும் செல்லும் வண்டி. முதுமையில் உடல்நலம் பேணும் வண்டி. பருவம் மாறும்போது பொருத்தமும் மாறுகிறது. முந்தைய தலைமுறையினர் தந்தையின் பெரிய வண்டியில், சட்டத்தின் இடையே காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ அடித்துப் பழகினர். இல்லாமை கற்றுத்தந்த திறமை அது. போற்றலாம், ஆயினும் பின்பற்ற வேண்டுவதில்லை.

“வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே வாங்குவோம்” என்று கருதுவோர் இன்றும் உளர். சட்டை பெரிதானால் கையை மடித்துவிடலாம். மிதிவண்டியை மடித்துக்கொள்ள இயலுமா? தரையில் கால் ஊன்ற முடியாத குழந்தை அஞ்சுகிறது. அஞ்சிய குழந்தை வண்டியை மூலையில் சாத்திவிடுகிறது. இருக்கையில் அமர்ந்து மிதியை அடிவரை அழுத்தும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். மிகுதியாக மடிந்தால் முழங்கால் நோகும். முற்றிலும் நீண்டால் இடுப்பு அசையும். விலைச்சீட்டைக் காணுமுன் இதனைக் காண்பதே அறிவுடைமை.

உடலுக்கு அடுத்து ஊரைக் கருத வேண்டும். கடலோரச் சென்னையின் பெரும்பகுதி சமதளம். பெங்களூருவோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாக அமைந்த நகரம். இங்குப் பற்சக்கர மாற்றி கைகொடுக்கும். முன்பற்சக்கரத்தில் 32 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுற்றும். பின்பற்கள் 32 ஆனால் ஒருமுறையே சுற்றும். வேகம் குறையும், ஏற்றம் எளிதாகும். சமதளத்திற்கு ஏற்ற வண்டி ஏற்றத்திற்கும் ஏற்றதாகும் என்று சொல்ல இயலாது.

மூன்றாவதாகக் கருத வேண்டியது தேவை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களிடம் கொண்டு சென்றது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். பெண்கள் பலர் ஆடவர் வண்டியையே விரும்பினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட காரணம். கடைக்காரர் வகுத்த ‘ஆண் வண்டி, பெண் வண்டி’ என்னும் பிரிவைவிடத் தம் தேவையையே அவர்கள் பெரிதாக மதித்தனர். பேருந்துக்கும் வீட்டு ஆடவருக்கும் காத்திராமல், வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்திற்குச் செல்லும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது.

அவ்வுரிமை நகரத்துப் பிள்ளைகளுக்கும் வேண்டும். பெங்களூருவின் ரிச்சர்ட்ஸ் டவுனில் மரநிழல் படர்ந்த தெருக்கள் உள்ளன. மிதிவண்டி பழக அவை உகந்தவை. ஆயினும் அத்தெருக்களைக் கடந்து முதன்மைச் சாலையை அடைந்தால், விரையும் ஊர்திகளுக்கிடையே சிறுவர்க்கு வழியில்லை. இதனாலேயே அருகிலுள்ள பள்ளிக்கும் மகிழுந்தில் அழைத்துச் செல்லும் பெற்றோர் உள்ளனர். அவர்களது அச்சம் நியாயமானதே. ஆனால், ஒவ்வொரு மகிழுந்தும் அந்த நெரிசலையே பெருக்குகிறது. பள்ளியைச் சூழ்ந்த சாலைகளிலேனும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை ஒதுக்குதல் நகரத்தின் கடமையாகும். தலைக்கவசம் அணிவதும், தடுப்பையும் காற்றையும் சரிபார்ப்பதும், சாலை விதிகளை மதிப்பதும் நம் கடமையாகும்.

விலை மிக்க வண்டி வீட்டு வாயிலில் தூசி படிந்து நிற்கலாம். எளிய வண்டி நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லலாம். உடலுக்கும் ஊருக்கும் தேவைக்கும் பொருந்தி, நாளையும் ஓட்ட வேண்டும் என்னும் விருப்பத்தைத் தூண்டும் வண்டியே நமக்கு ஏற்ற மிதிவண்டி.

சிந்தித்து விடையளிக்க

1. மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்கக் கட்டுரையாசிரியர் கூறும் மூன்று அளவுகோல்கள் யாவை?
2. புதுக்கோட்டைப் பெண்கள் பலர் ஆடவர் மிதிவண்டியை விரும்பியது ஏன்?
3. உம் பள்ளிக்குச் செல்லும் சாலை மிதிவண்டிக்கு ஏற்றதா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.